மலைப்பாதையில் எனக்குத் தலைசுற்றியதே இல்லை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை என் பிறந்தநாள் சாப்பாட்டின்போது நீ எழுந்து பேசிய பேச்சு நன்றாக இருந்தது. குரல் தெளிவாக இருந்தது. சிரிக்கவைக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவைத்தாய். உன் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். பேச்சில் இருந்த செய்தி மட்டும் பிழை. பொருளியலில் சிறப்புப் பட்டம் பெற்ற உன் அம்மா, பதவி தேடிவந்தபோதும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, கண்டியில் ஒரே மேசையில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்து உன்னை வளர்த்தாள் என்றாய். மலைப்பாதை ஒத்துக்கொள்ளாத உடம்பு, ஆசையே இல்லாத மனம் என்று அடுக்கினாய். பிறகு தர்ஷினியின் தோளில் கைவைத்து, உனக்கு வாய்த்தவளும் அதே வார்ப்புத்தான் என்றும், ஓயாத தலைவலியோடு இனியும் அலைய வேண்டாமென்று இந்த மாத முடிவில் அவளும் வேலையை விடுகிறாள் என்றும் அறிவித்தாய். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கேக்கை வெட்டினேன். விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் மகனைத் திருத்துவது அழகல்ல என்று அப்போது தோன்றியது. இப்போது விருந்து முடிந்துவிட்டது.

நீங்கள் மழைக்கு முன்னால் கொழும்புக்குப் புறப்பட்ட பிறகு, வந்தவர்கள் உட்கார வாடகைக்கு எடுத்த கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, வெறும் வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். தொலைபேசியில் சொல்லலாம். ஆனால் தொலைபேசியில் நீ யாரையும் ஒரு வாக்கியத்தை முடிக்க விடுவதில்லை. பாதியிலேயே சிரிக்கவைக்க ஒரு பகிடி விட்டு, சரிம்மா, சரிம்மா என்று வைத்துவிடுவாய். உன் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் அது. கடிதத்தின் நடுவே யாரும் குறுக்கிட முடியாது என்பதால் கடிதமாக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை உனக்கு முன்பே தர்ஷினி படித்துவிட்டாள். அவளைப் பற்றிய பகுதியில் இரண்டு வரிகளை வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். மிச்சத்தை அனுப்பச் சொன்னதும் அவள்தான்.

நான் வேலை பார்த்த இடத்தை உனக்குக் கட்டடமாகத் தெரியும், வேலையாகத் தெரியாது. சிறு கடைக்காரர்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் கடன் கொடுக்கும் நிதி நிறுவனம் அது. கண்டிக் கிளையில் கடன் உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். மேசையில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பார்ப்பது பாதி வேலை. கடன் கேட்டவரின் கடையையும் காணியையும் நேரில் போய்ப் பார்ப்பது மறுபாதி. அதைக் களப்பணி என்போம். யார் சொல்வது உண்மை, எந்தச் சரிவில் தேயிலைக் கொழுந்து வரும், யாருக்குக் கொடுத்தால் பணம் திரும்பும் என்பதெல்லாம் அங்கே போனால்தான் விளங்கும்; பதவியுயர்வு கொடுக்கும்போது அவர்கள் பார்ப்பதும் அதைத்தான். எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. தலாத்துஓயாவைத் தாண்டி ஹேவாஹெட்டப் பக்கம் ஏறும்போது குளிர்காற்று முகத்தில் அடிக்கும்; எனக்கு நல்ல பசி எடுக்கும். ஒரு கடைக்காரரின் கொள்முதல் கணக்கில் பொய் எந்த மூலையில் பதுங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்த நாளில் அந்தப் பசியும் மறந்துபோகும். ஒருநாள் இந்தக் கிளைக்கு நானே முகாமையாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசையே இல்லாத மனம் என்று நீ சபையில் சொன்னது அந்த மனத்தைத்தான்.

களப்பணிக்கு நிறுவனத்தின் ஜீப்பில் போவோம். முன்னால் சாரதி, அவருக்குப் பக்கத்து இருக்கையில் கோப்புகள், பின்னால் முகாமையாளரும் அன்றைக்கு முறைவந்த உத்தியோகத்தரும். எங்கள் முகாமையாளர் ஊரில் மதிப்புள்ளவர். கோயில் திருவிழாக் குழுவில் முன்வரிசை. என் கல்யாணத்திலும் முன்வரிசை. பெண் ஊழியர்களை எல்லாம் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஹேவாஹெட்ட வளைவுகளில் அவருடைய கை முதல்தடவை என் தொடையில் வந்து அமர்ந்தபோது, தடுமாறிப் பட்டுவிட்டதாக்கும் என்று தள்ளி உட்கார்ந்தேன். அடுத்த வளைவில் கையும் தள்ளி வந்தது.

"வளைவு நிறைய, தங்கச்சி. பிடிச்சுக்கொள்ளாட்டி விழுந்துடுவீங்க."

"நான் விழமாட்டேன் சார்."

"படிச்ச புள்ளைங்களுக்கு எதுலயும் சந்தேகம்" என்று சாரதியிடம் சொல்லிச் சிரித்தார். சாரதி சிரிக்கவில்லை. கையை உயர்த்தித் தன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியை மேல்நோக்கித் திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடியில் ஜீப்பின் கூரை மட்டுமே தெரிந்தது. எனக்குச் செய்யும் மரியாதை என்று அந்த மனிதர் நினைத்திருக்க வேண்டும். பட்டப்பகலில், மூன்றாவது ஆள் ஒருவர் கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கும்போதே, ஒருத்தி எவ்வளவு தனியாக இருக்க முடியும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

அது அந்த ஒருநாளோடு நிற்கவில்லை. விரித்து எழுத மாட்டேன். நீ என் மகன், எனக்கு எழுதவும் உனக்குப் படிக்கவும் அது அவசியமில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திய ஒரு விடுதியில், களைப்பாற வேண்டுமென்று அறையொன்றை எடுத்து, சாரதியைச் சிகரெட் வாங்க அனுப்பினார் என்பதோடு நிறுத்துகிறேன். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வீதிக்கு நடந்து, வந்த பஸ்ஸில் ஏறினேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது கண்டிக்கு இறங்குகிற பஸ் அல்ல, மேலே ஏறுகிற பஸ் என்று கண்டேன். கடைசித் தரிப்பிடம்வரை போய், எல்லோரும் இறங்கிய வண்டியில் தனியே காத்திருந்து, அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

முறையிட்டிருக்கலாமே என்பாய். கிளையில் முறைப்பாடு என்றால் அதை முகாமையாளரிடம்தான் கொடுக்க வேண்டும். தலைமை அலுவலகத்துக்கு எழுதினால் அவர்கள் முதலில் அவரைத்தான் தொலைபேசியில் கூப்பிட்டு, என்னப்பா விஷயம் என்று கேட்பார்கள். எனக்கு முறைப்பாட்டு அதிகாரியாக வாய்த்தவர் எங்கள் காசாளர் பரீதாதான். அலவத்துகொடக்காரி, என்னைவிட மூத்தவர். மறுநாள் என் முகத்தைப் பார்த்தார். எதையும் விசாரிக்காமல் தேநீர் ஊற்றும் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"வாந்தி வருதுன்னு சொல்லுங்க மிஸ். வாந்திக்குப் பக்கத்துல எந்த ஆம்புளையும் குந்தமாட்டான்."

"நம்புவாரா?"

"நம்பத் தேவல்ல. உங்களுக்கு முந்தி இருந்த மிஸ்ஸும் இதத்தான் சொன்னாங்க. பட்டதாரிமாருக்கு வயிறு சரியில்லன்னு அவரே பகிடி பண்ணுவாரு."

இப்படித்தான் மலைப்பாதை எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. மூடிய ஜீப்பில் தலைசுற்றுகிறது, பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தால் சமாளிப்பேன் என்று சொல்லி, பஸ்ஸிலேயே களப்பணிக்குப் போகத் தொடங்கினேன். ஜீப்பில் போனவர்கள் ஒரு நாளில் பார்த்த இடங்களில் பாதியைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை. பஸ் நேரத்துக்கு வராது. வந்தாலும் வீதியில் இறக்கிவிட்டுப் போகும். காணி அங்கிருந்து மலையேற வேண்டிய தூரத்தில் இருக்கும். சில மாதங்களில் முகாமையாளர் எல்லோர் முன்னிலையிலும் பரிதாபப்பட்டார். தங்கச்சி பஸ்ஸிலும் வதைபட வேண்டாம் என்று என் முறைகளைப் புதிதாக வந்தவர்களுக்குக் கொடுத்தார். பதவியுயர்வுக்கான நேர்முகத் தேர்வுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து இருவர் வந்தார்கள். நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். என் பட்டத்தையும் என் அறிக்கைகளையும் மூவரும் புகழ்ந்தார்கள். கடைசியில் அவர் பெருமூச்சோடு சொன்னார்: "திறமையில ஒரு குறையும் இல்ல. உடம்புதான் பாவம். மலை ஏறாம இந்த மாவட்டத்துல எந்தக் கிளைய நடத்துறது?" வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் மறுநாள் ஜீப்பில் ஏற வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் மேசையில் இருக்க வேண்டும். மேசையே போதும் என்றேன். பதவி தேடிவந்தபோது வேண்டாமென்றவள் என்று நீ சொன்னாயே, அது இந்த நிகழ்ச்சிதான்.

அவர் மாலை மரியாதைகளோடு ஓய்வுபெற்றுப் போனார். அதன்பின் வந்த முகாமையாளர்கள் நல்லவர்கள். என் உடம்பின்மீது உண்மையான அக்கறை கொண்டவர்கள். அவர்களில் ஒருவர் நான் வேலை பழக்கிய பையன். களப்பணிக்கு ஒரு தடவை நானாகவே கேட்டுப் பார்த்தேன். உங்களை அப்படிக் கஷ்டப்படுத்த மாட்டோம் என்றார்கள். ஒரு பொய்யைச் சொல்பவர் செத்த பிறகும் அது உயிரோடு இருக்கும் என்பார்கள். என்னுடையது நான் உயிரோடு இருக்கும்போதே எனக்கு மேலதிகாரியாகிவிட்டது.

வீட்டிலும் அதே பொய்தான். அலுவலகத்தில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாகச் சொல்ல முடியாது. கண்டி சிறிய ஊர், உன் அப்பா பஸ் தரிப்பிடத்தில் என் சக ஊழியர் யாரையாவது சந்திப்பார். அப்பா மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிவந்தார். அவை நித்திரை வரவழைக்கும் மாத்திரைகள் என்பதால் முந்தானையில் முடிந்து எறிந்துவிடுவேன். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் நுவரெலியாவுக்கு ஒரு தடவை போனோம், ஞாபகம் இருக்கிறதா? நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தேசிக்காயை நகத்தால் கீறி, எலுமிச்சை வாசம் வர, இறம்பொடை வளைவுகள் முடியும்வரை என் மூக்கருகே பிடித்துக்கொண்டே வந்தாய். கை வலித்தது, மாற்றி மாற்றிப் பிடித்தாய். நான் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தேன். வெளியே அருவி விழுகிற சத்தம் கேட்டது. உன் அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்: இப்போது பனி இறங்குகிறது, இப்போது கீழே முழுப் பள்ளத்தாக்கும் தெரிகிறது. அந்தப் பாதையை எனக்குக் காதால் மட்டுமே தெரியும். அதற்குப் பிறகு, பாவம் அம்மா என்று நீங்கள் இருவரும் எங்கும் போகக் கேட்கவில்லை.

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கும் உரிமை உனக்கு உண்டு. அவர் கோபக்காரர் அல்லர். ஆனால் அந்த முகாமையாளரைப் பெரிய மனிதர் என்று நம்பியவர். முதலில் நம்பியிருக்க மாட்டார். நம்பியிருந்தால் வேலையை விடு என்றிருப்பார். அவருடைய ஆசிரியர் சம்பளத்தில் மட்டும் வீட்டுக் கூரையையும் உன் படிப்பையும் சேர்த்து இழுக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். வேலையை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வாயை மூட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். நல்ல கணக்குத்தான், விலை மட்டும் பின்னால் வந்தது. அவர் நோயில் படுத்திருந்த கடைசி மாதங்களில்கூட, ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிற வண்டியில் எனக்குத் தலைசுற்றுமே என்றுதான் கவலைப்பட்டார். அந்த மனிதரிடம் அப்போது என்னத்தைச் சொல்வது?

பின்னால் வந்த விலையையும் சொல்லிவிடுகிறேன். பணத்தைப் பற்றிப் பேசுவது உனக்குக் கூச்சம், எனக்கு அது தொழில். ஓய்வுபெறும்போது கைக்கு வரும் ஊழியர் சேமலாப நிதி சம்பளத்தின் வீதமாகச் சேர்வது. உயராத சம்பளத்துக்கு உயராத சேமிப்புத்தான் கிடைக்கும். நான் பழக்கிய பையனும் நானும் ஏறக்குறைய ஒரே அளவு காலம் உழைத்தோம். அவர் திகனயில் வீடு கட்டினார். நான் குண்டசாலையில் என் வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அம்மாவுக்குத் தனிமை, துணைக்கு ஆள் வைத்திருக்கிறார் என்று நீ நண்பர்களிடம் சொல்கிறாய். துணைக்கு வைத்திருந்தால் நான் வாடகை வாங்க மாட்டேன். மாடியில் அவர்கள் நடக்கும் சத்தம் எனக்குத் துணையாக இருந்ததில்லை; மாதம் பிறப்பதைச் சொல்லும் சத்தம் அது. என் கண் சத்திரசிகிச்சைக்கு நீ பணம் அனுப்பினாய். நன்றியோடு வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்தப் பணம் என் அலுமாரியில் என் பெயரிலேயே இருந்திருக்க வேண்டியது.

இனி தர்ஷினியைப் பற்றி. நீ பேசிக்கொண்டிருந்தபோது நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கைதட்ட, அவள் ஓர் அசல் நோயாளியைப் போல நெற்றியைத் தொட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். பல வருடம் நான் அணிந்திருந்தது. பிற்பகல் எல்லோரும் முன்னறையில் இருக்க, சமையலறையில் அவள் தட்டுகளைக் கழுவினாள், நான் துடைத்தேன். அவளிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. சும்மா பேச்சுவாக்கில் சொல்வதுபோலச் சொன்னேன்.

"எனக்கு மலைப்பாதையில ஒருநாளும் தலை சுத்துனதில்ல, தெரியுமா?"

அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள். கையில் இருந்த தட்டை வைக்கவுமில்லை, கழுவவுமில்லை.

"எனக்கும் தலைவலி இல்ல, அத்தை."

மிச்சத்தை அவள் தாழ்ந்த குரலில், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். காப்புறுதி நிறுவனத்தில் அவளுடைய பகுதித் தலைவர் இரவில் அனுப்பும் செய்திகள். கடற்கரை ஹோட்டலில் நடக்கும் பயிற்சி முகாமுக்கு அவள் வந்தால்தான் பதவியுயர்வு என்பது. வந்தால் மதிப்பீடு எந்த அறையில் நடக்கும் என்பது. அவள் போகவில்லை. அதற்குப் பிறகு பெரிய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அவள் கையிலிருந்து எடுக்கப்பட்டார்கள்; மதிப்பீட்டுப் புள்ளிகள் இறங்கின; குழுவோடு ஒத்துப்போகாதவள் என்று எழுதப்பட்டது. உனக்கு அவள் சொல்லாமல் இல்லை. சார் இரவில் அடிக்கடி தொலைபேசியில் கூப்பிடுகிறார் என்று ஒருநாள் சொல்லியிருக்கிறாள். பெரிய இடத்து ஆள் உன்னை நம்பிக் கூப்பிடுகிறார், நல்லதுதானே என்று நீ தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு சொன்னாயாம். அதன் பிறகு அவளுக்குத் தலைவலி வந்தது. நீ மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தாய்.

இனியாவது உன்னிடம் சொல்லச் சொன்னேன். "சொன்னா ரெண்டுல ஒன்னு நடக்கும் அத்தை. அந்தாள அடிக்கப் போவாரு. இல்லாட்டி, வேலைய வுடுன்னு சொல்லுவாரு. எப்படியும் அது அவரோட கதையாப் போயிடும்" என்றாள். உன்னைத் திட்டவில்லை; மழை வரப்போகிறது என்பதுபோலச் சொன்னாள். அடுத்த அறையில் நீ அந்த இரண்டாவதைப் பெருமையாக அறிவித்து முடித்திருந்தாய். நீங்கள் வாங்கிய வீட்டின் கடன் அவளுடைய ஊழியர் சலுகை வட்டியில் ஓடுகிறது. வேலையோடு சலுகையும் போகும். என் சம்பளத்தில் சமாளிக்கலாம் என்கிறாய். சமாளிக்கலாம். நாளைக்கு வேறு நிறுவனத்தில் அவள் வேலை கேட்டால், இங்கே ஏன் விட்டாய் என்பார்கள், தலைவலி என்பாள், தலைவலிக்காரியை யார் மேலே ஏற்றுவார்கள்? அதற்குப் பிறகு அவள் என்னைப் போல, மகன் அனுப்பும் பணத்தை நன்றியோடு வாங்குகிற கிழவியாக வேண்டியதுதான்.

இந்த வாரம் முழுவதும் நாங்கள் இருவரும் தொலைபேசியில் பேசினோம். அவள் இராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்கப் போவதில்லை. வருகிற புதன்கிழமை, அந்த மனிதர் அனுப்பிய செய்திகளோடு தலைமை அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கப் போகிறாள். வெல்வாள் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. இப்போது சட்டம் இருக்கிறது, விசாரணைக் குழு இருக்கிறது என்கிறார்கள். குழுவில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அவளை இழுத்தடிக்கலாம், வேறு கிளைக்குத் தூக்கிப் போடலாம், கடைசியில் வேலையே போகலாம். அப்படிப் போனால், வேலையைப் பறித்தார்கள் என்று சொல்லப் பழகு. குடும்பத்துக்காக விட்டாள் என்று யாரிடமும் சொல்லாதே. பறிபோனதை ஈகையாக்கிக் கைதட்டினால், பறித்தவனுக்கு அதைவிட வசதி வேறில்லை. அந்த ஆளைத் தேடிப் போகவும் வேண்டாம். நீ அவனை அடித்தால் விசாரணை உன்னைப் பற்றியதாகிவிடும். உன் அலுவலகத்திலும் உனக்குக் கீழே பெண்கள் வேலை செய்கிறார்கள், கோபம் மிஞ்சினால் அங்கே யார் யாருக்கு வயிறு சரியில்லை என்று கவனித்துப் பார்.

தர்ஷினி உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அதை என்னை எழுதச் சொன்னாள். புதன்கிழமை நீ விடுமுறை எடுக்க வேண்டும். அவளோடு போவதற்கல்ல, தனியாகப் போய்வருவாள். அவள் திரும்பி வரும்போது நீ வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தொலைக்காட்சியை நிறுத்திவை. தொலைபேசியை வேறு அறையில் வை. அவளாகப் பேசத் தொடங்கும்வரை எதையும் கேட்காதே. தொடங்கிய பிறகு நடுவில் பகிடி விடாதே, ஆறுதல் சொல்லாதே, என்ன செய்யலாம் என்று வழி சொல்லாதே. அவள் சொல்லி முடிக்கட்டும். முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் சொல்லி முடித்ததில்லை.

அம்மா